வண்டி நிற்குமா?

"வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, பின் ஏன் எஃப்.சி. கிடைக்கவில்லை?" என்ற கேள்வியை எங்கள் சூலக்கரைப் பக்கத்து டீக்கடைப் பெஞ்சுகளிலும் மோட்டார் பட்டறைகளிலும் நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எஃப்.சி. என்று எல்லாரும் சொல்வது வாகனத்தின் தகுதிச் சான்று. அது கிடைக்காமல் திரும்பி வந்தவருடைய கோபத்தில் நியாயம் இருப்பதுபோலவே தோன்றும். வண்டி வாங்கியதே ஓடுவதற்குத்தானே? ஆனால், பரிசோதிக்கும் அதிகாரியின் மனத்தில் இருக்கும் கேள்வி வேறு. வண்டி நிற்குமா என்றுதான் அவர் முதலில் பார்க்கிறார். திருப்பிய பக்கம் திரும்புமா, இருட்டில் பிறர் கண்ணுக்குத் தெரியுமா என்று அடுத்தபடியாகப் பார்க்கிறார். எஞ்சின் கிளம்பாத வண்டி வீட்டு வாசலிலேயே கிடக்கும். சொந்தக்காரருடைய சலிப்பைத் தவிர அதனால் யாருக்கும் தீங்கில்லை. நிற்காத வண்டிக்கோ விலை கொடுப்பவர் பெரும்பாலும் அந்த வண்டிக்கு வெளியே நடந்து போகிறவர்.

எந்தெந்த வண்டியை எப்போது பரிசோதிக்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதையொட்டிய மத்திய விதிகள் 1989இல் வந்தன. வாடகைக் கார், வேன், பஸ், லாரி போன்ற வாகனங்கள் தகுதிச் சான்று இல்லாமல் சாலைக்கு வரக் கூடாது. வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்குப் பின் ஆண்டுதோறும் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் வீட்டுச் சொந்தக் காருக்கு இந்தத் தொல்லை பதினைந்து ஆண்டுவரை இல்லை. பதினைந்தாம் ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் அதைக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை. இது சற்றுத் தாராளமான ஏற்பாடு என்பது என் அபிப்பிராயம். பிரேக்கின் தேய்மானம் வண்டி சொந்தமா வாடகையா என்று பார்ப்பதில்லை.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசவேண்டும். ஓடுகிற வண்டியிடம் இயக்க ஆற்றல் இருக்கிறது. அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றிக் காற்றில் கரைத்துவிடுவதே பிரேக்கின் வேலை. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்று பௌதிக வகுப்பில் படித்திருப்பீர்கள். அதன் பொருள் சாலையில்தான் விளங்கும். நல்ல பிரேக் உள்ள கார் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகையில், பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 7 மீட்டரில் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். அதே கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 14 மீட்டர் போதாது. 28 மீட்டர் வேண்டும். இப்போது பிரேக்கின் வலிமை பாதியாகக் குறைந்துவிட்டது என்று கொள்ளுங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் 7 மீட்டருக்குப் பதில் 14 மீட்டர் ஆகும். விருதுநகர் பஜாரில் ஊர்ந்து செல்லும்போது இந்த வேறுபாடு ஓட்டுநருக்குத் தெரிவதே இல்லை. காலைக் கொஞ்சம் அழுத்தி மிதித்துச் சமாளித்துக்கொள்கிறார். அந்த வண்டி சாத்தூர் போகும் நான்கு வழிச் சாலையில் ஏறி 60 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் 28 மீட்டர் 56 மீட்டராகிவிடுகிறது. கூடுதலான அந்த 28 மீட்டர், இரண்டு பஸ்களை வரிசையாக நிறுத்தினாலும் மிஞ்சும் தூரம். ஊருக்குள் ஒளிந்துகொண்டிருந்த கோளாறு நெடுஞ்சாலையில்தான் முகத்தைக் காட்டும்.

பிரேக் ஏன் கெடுகிறது? லைனிங் தேய்வது எல்லாரும் அறிந்த காரணம். அதைவிடச் சுவாரசியமான காரணங்கள் உண்டு. சக்கரத்தின் அச்சில் இருக்கும் ஆயில் சீல் கிழிந்து, எண்ணெய் கசிந்து பிரேக் டிரம்முக்குள் இறங்கிவிடும். எண்ணெய் பட்ட லைனிங் பற்றுவதில்லை, வழுக்குகிறது. அதுவும் ஒரு பக்கத்துச் சக்கரத்தில் மட்டும் நேர்ந்தால், பிரேக் பிடிக்கும்போது வண்டி மற்றப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பலவீனமான பிரேக்கைவிட ஒருச்சாய்வான பிரேக் பொல்லாதது. ஆகவே இடமும் வலமும் ஒரே அளவாகப் பிடிக்கின்றனவா என்பதைப் பரிசோதனையில் தனியாகப் பார்க்கிறார்கள்.

கார்களிலும் சிறு வேன்களிலும் மிதிகட்டையின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில். பெயர்தான் ஆயில், பெரும்பாலும் அது கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவம். காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்வது அதன் இயல்பு. டாட் 3 என்று குறிக்கப்படும் வகை, புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரையிலாவது கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது நியதி. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். அடிக்கடி பிரேக் பிடித்து டிரம் சூடேறினால், திரவத்தில் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதிகட்டை தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஆண்டுக்கணக்கில் பிரேக் ஆயிலை மாற்றாமல், குறைந்தபோதெல்லாம் ஊற்றிக்கொண்டே வருகிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. பஸ்ஸிலும் லாரியிலும் இந்தத் திரவத்துக்குப் பதில் அமுக்கிய காற்று வேலை செய்கிறது. பஸ் நிற்கும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம் கேட்டிருப்பீர்களே, அது காற்றை வெளியே விடும் ஓசை. மிதிகட்டையைத் தொடாதபோதும் அந்த ஓசை தொடர்ந்து கேட்டால் எங்கோ காற்றுக் கசிகிறது என்று அறியலாம்.

கைப் பிரேக்கைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் சமவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் காடு. இங்கே வண்டியை நிறுத்துகிறவர்கள் கைப் பிரேக்கை இழுப்பது அபூர்வம். கியரில் போட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். லாரியானால் கிளீனர் இறங்கிச் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுப்பார். உபயோகிக்காத கேபிள் துருப்பிடித்து இறுகிவிடும். பரிசோதனைக்குப் போய் அதிகாரி "கைப் பிரேக்கைப் போடு" என்று சொல்லும்போதுதான், அப்படி ஒன்று வண்டியில் இருப்பதே சிலருக்கு நினைவுக்கு வருகிறது. கொடைக்கானல் மலைச் சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு இந்த மறதி வருவதில்லை.

அடுத்தது டயர். முழு வண்டியும் சாலையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வோர் இடமும் காரைப் பொறுத்தமட்டில் ஓர் உள்ளங்கை அளவுதான். டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்களை அழகுக்காக என்று நினைக்கிறவர்கள் உண்டு. காய்ந்த சாலையில் அவற்றுக்கு அதிக வேலை இல்லை என்பது உண்மை. மழை பெய்ததும் நிலைமை மாறிவிடுகிறது. சாலையில் தேங்கிய நீரைச் சக்கரம் ஒதுக்கித் தள்ளவேண்டும். அந்த நீர் ஓடுவதற்கான வாய்க்கால்களே அந்தப் பள்ளங்கள். வாய்க்கால் தூர்ந்துபோனால், வேகமாகச் செல்கையில் டயருக்கும் சாலைக்கும் இடையே நீர் ஒரு மெல்லிய படலமாக நின்றுவிடும். வண்டி நீரின்மேல் மிதக்கும். அப்போது பிரேக்கும் பயன்படாது, ஸ்டீயரிங்கும் பயன்படாது. இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்குப் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்கும், மற்ற வண்டிகளுக்கு 1.6 மில்லிமீட்டருக்கும் குறையக் கூடாது என்பது விதி. சிவகாசிச் சீமையில் பிறந்த உங்களுக்கு எளிதாகச் சொல்வதானால், 1.6 மில்லிமீட்டர் என்பது ஒரு மரத் தீக்குச்சியின் பருமனுக்குக் கிட்டத்தட்ட ஒத்தது. அளவுகோல் இல்லாமலும் பார்க்கலாம்: பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே சிறு மேடுகள் வைத்தே டயரை வார்த்திருப்பார்கள், ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டின் பெரும்பகுதி மழை இல்லாததால் மொட்டை டயர் மாதக்கணக்கில் தப்பித்துக்கொள்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். தீபாவளியும் அந்தச் சமயத்தில்தான். நீண்ட கோடைக்குப் பின் விழும் முதல் மழையில், சாலையில் படிந்திருந்த எண்ணெயும் புழுதியும் நீரோடு கலந்து வழுக்கும் குழம்பாகிவிடுகின்றன. சாலையில் வண்டிகள் மிகுந்திருக்கும் நாட்களும், டயருக்கு உண்மையான சோதனை வரும் நாட்களும் இங்கே ஒன்றாக வந்து வாய்க்கின்றன.

டயரைப் பற்றிப் பேசும்போது ஓர் அசட்டுத் தந்திரத்தைச் சொல்லாமல் விட முடியாது. பரிசோதனைக்குப் போகும் நாளுக்கு மட்டும் வேறு வண்டியிலிருந்து நல்ல டயர்களை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போவது. சான்று வாங்கியதும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பழைய மொட்டை டயரையே மீண்டும் பூட்டிக்கொள்வது. இது தொழிலில் உள்ளவர்கள் எல்லாரும் அறிந்த ரகசியம். பரீட்சையில் காப்பியடித்தவனுக்குப் பாடம் தெரியாமல் போவதோடு விஷயம் முடிந்துவிடும். இங்கே ஏமாற்றப்படுகிறவர் அதிகாரி என்று நினைத்துக்கொண்டு, அந்த டயரின்மேல் தம் குடும்பத்தையே ஏற்றிச் செல்கிறார்கள்.

விளக்குக் கோளாறு மிக மலிவானது. ஆனாலும் அதனால் திரும்பி வரும் வண்டிகள் ஏராளம். காரணத்தை யோசித்துப் பாருங்கள். முன்விளக்கு அணைந்தால் ஓட்டுநருக்கு உடனே தெரிந்துவிடும். பிரேக் பிடிக்கும்போது பின்னால் எரியும் சிவப்பு விளக்கை அவர் தம் ஆயுளில் ஒரு முறைகூடத் தம் இருக்கையில் இருந்தபடி நேரே பார்ப்பதில்லை. அது பின்னால் வருகிறவருக்காக வைத்த விளக்கு. எனவே அது எரியாமல் போய் எத்தனை நாள் ஆயிற்று என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. சிலர் இதற்கு நேர்மாறு. கண்ணைப் பறிக்கும் அதிக வலிமையுள்ள பல்புகளைத் தாமாகவே வாங்கி முன்னால் மாட்டிக்கொள்கிறார்கள். எதிரே வருகிறவர் கண் கூசி வண்டியை எங்கே திருப்புவார் என்று அவர்கள் எண்ணுவதில்லை. ஒளி போதுமானதாக இருந்தால் மட்டும் போதாது, அது சரியான கோணத்தில் தாழ்ந்து விழவேண்டும் என்பதும் பரிசோதனையில் அடங்கும். கண்ணாடிக்கும் இதுபோல ஒரு கணக்கு உண்டு. முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விடவேண்டும். வெயிலுக்காக என்று சொல்லிக் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டிக்கொள்வதை உச்ச நீதிமன்றம் 2012இல் தடுத்தது.

ஸ்டீயரிங் விஷயத்தில் மனித சுபாவமே எதிரியாகிவிடுகிறது. சக்கரத்தைத் திருப்பும் தண்டுகளின் மூட்டுக்கள் நாளடைவில் தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். இதைப் பட்டறையில் 'ப்ளே' என்பார்கள். இன்றைய ஆட்டம் நேற்றைவிட மயிரிழை அதிகம், அவ்வளவுதான். ஓட்டுநருடைய கை தன்னையறியாமல் அதற்குப் பழகிக்கொள்கிறது. நாளுக்கு அரை நிமிஷம் பிந்தும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தே வாழ்கிறவன், வேறு கடிகாரத்தைப் பார்க்கும் வரையில் தான் பிந்திவிட்டதை உணர்வதில்லை அல்லவா? அதே வண்டியைப் புதியவர் ஒருவர் ஓட்டினால் நூறு அடிக்குள் திடுக்கிட்டுப் போவார். பழகாத ஒரு கை வண்டியைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்பதே பரிசோதனையின் பெரும் பயன் என்று நான் கருதுகிறேன்.

வண்டியின் அடிப்புறத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. 2012ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி சென்னையை அடுத்த தாம்பரம் பக்கத்தில், இரண்டாம் வகுப்பில் படித்த சிறுமி ஒருத்தி, பள்ளிப் பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாகச் சாலையில் விழுந்து உயிர் இழந்தாள். எஞ்சினில் குறை இல்லை; பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சில வாரங்களுக்கு முன்புதான் அதற்குத் தகுதிச் சான்று வழங்கப்பட்டிருந்தது என்பது நாட்டையே திடுக்கிடச் செய்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அவ்வாண்டே பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தமிழ்நாட்டில் தனி விதிகள் செய்யப்பட்டன. கோடை விடுமுறையில் மாவட்டந்தோறும் பள்ளி வாகனங்களை ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, போக்குவரத்து, காவல், கல்வி, வருவாய்த் துறையினர் ஏறி இறங்கிப் பார்க்கும் காட்சி அதன் விளைவு. தரைப்பலகை, அவசர வழி, படியின் உயரம், முதலுதவிப் பெட்டி, தீயணைப்புக் கருவி ஆகியவற்றை அங்கே பார்க்கிறார்கள். முன்னும் பின்னும் காமிரா வேண்டும் என்ற விதி 2022இல் சேர்ந்தது. நீங்கள் பஸ்ஸில் போகிறவர்களானால், அவசர வழியின் கைப்பிடி திறக்கிறதா, அல்லது அதன் குறுக்கே ஓர் இருக்கையைப் போட்டு அடைத்திருக்கிறார்களா என்பதை நீங்களே பார்த்துவிடலாம்.

எங்கள் வட்டாரத்துக்கே உரிய ஒரு செய்தியும் இருக்கிறது. சிவகாசியிலிருந்து பட்டாசு ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் லாரிகளுக்கு, மற்ற லாரிகளுக்கு உள்ள நிபந்தனைகளுக்கு மேலும் சில உண்டு. டீசல் எஞ்சினின் புகையோடு சில சமயம் கனன்றுகொண்டிருக்கும் கரித்துகள்கள் வெளிவரும். அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிகள் புகைக்குழாயில் தீப்பொறித் தடுப்பான் ஒன்றைப் பொருத்தவேண்டும். புகையைச் சுழலவிட்டும் வலை வழியே செலுத்தியும் அந்தத் துகள்களை அது தடுத்துவிடும். அப்படிப்பட்ட லாரிகளின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்ட விடாதபடி அமைந்திருக்கவேண்டும். பள்ளிப் பஸ்ஸுக்கும் அதே எல்லைதான். பொதுவான சரக்கு லாரிக்கு அது 80 கிலோமீட்டர். பட்டாசு லாரியில் இன்னொன்றையும் கவனமாகப் பார்ப்பார்கள்: மின்கம்பிகள். அலங்கார விளக்குக்காகவும் ஒலிபெருக்கிக்காகவும் ஒட்டுப்போட்டு இழுத்த கம்பி, மேலுறை உரசித் தேய்ந்து இரும்பில் பட்டால் பொறி பறக்கும். வெங்காயம் ஏற்றிய லாரியில் அது பியூஸ் போவதோடு முடியக்கூடும். மத்தாப்பு ஏற்றிய லாரியில் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

புகையைப் பற்றிய கணக்கு எளியது. டீசல் புகையின் கறுமையை ஹார்ட்ரிட்ஜ் என்னும் அலகில் அளக்கிறார்கள். பழைய வண்டிகளுக்கு 65 அலகும், பி.எஸ். 4 வகை வண்டிகளுக்கு 50 அலகும் எல்லை. அடைபட்ட காற்று வடிகட்டியே பெரும்பாலும் கறும்புகைக்குக் காரணமாகிறது. கரிசல் புழுதியில் ஓடும் வண்டிக்கு அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். காப்பீட்டுப் பத்திரம் காலாவதியாகி இருப்பது, சேசிஸ் எண் துருவில் மறைந்து படிக்க முடியாமல் போவது, வரி பாக்கி ஆகியவற்றாலும் வண்டிகள் திரும்புகின்றன. அவை காகிதக் குறைகள். அவற்றுக்காக அலைய நேர்ந்தால் எரிச்சல் வருவது இயற்கையே.

இப்படி வண்டிகளை வரவழைத்துப் பார்ப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல; இதன் வரலாறு மோட்டார் வண்டிக்கும் முந்தியது. ஜெர்மனியின் மன்ஹைம் நகரத்தில் 1865இல் ஒரு மதுவடிப்பாலையின் நீராவிக் கொதிகலன் வெடித்தது. அடுத்த ஆண்டே கொதிகலன் உடைமையாளர்கள் தாங்களாகச் சேர்ந்து, தங்கள் கலன்களைப் பரிசோதிக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். அத்தகைய சங்கங்களின் வழிவந்த அமைப்புக்களே இன்று அந்நாட்டில் கார்களையும் பரிசோதிக்கின்றன. பிரிட்டனில் 1960இல் பத்து ஆண்டு கடந்த கார்களுக்குக் கட்டாயப் பரிசோதனை வந்தது. அப்போது பார்த்தவை மூன்றே: பிரேக், விளக்கு, ஸ்டீயரிங். எஞ்சின் அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். தேறாத கார்கள் மிகுதியாக இருக்கக் கண்டு, மறு ஆண்டே ஏழு வயதுக் கார்களையும் வரவழைத்தார்கள். 1967இல் மூன்று வயதுக்கே இறக்கிவிட்டார்கள். நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் மூன்று வயது முதல் பத்து வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்குப் பின் ஆண்டுதோறும் சொந்தக் காரையும் கொண்டுபோய்க் காட்டவேண்டும்.

நம் நாட்டிலும் கண்ணாலும் காதாலும் பார்த்துச் சொல்லும் முறைக்குப் பதிலாக, இயந்திரங்களே அளந்து சொல்லும் சோதனை நிலையங்களைப் படிப்படியாகக் கொண்டுவர 2021 முதல் விதிகள் செய்து வருகிறார்கள். அங்கே வண்டியின் சக்கரங்களை இரண்டு உருளைகளின்மேல் நிறுத்துவார்கள். உருளைகள் சக்கரத்தைச் சுழற்றும். ஓட்டுநர் பிரேக்கை மிதிப்பார். ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு விசையோடு எதிர்க்கிறது என்பது எண்ணாகத் திரையில் தோன்றும். இடது சக்கரம் வலது சக்கரத்துக்கு எவ்வளவு பின்தங்கியது என்பதையும் அது காட்டிவிடும்.

எந்த முறையில் பார்த்தாலும், சான்று மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்று சட்டம் கூறுகிறது. உங்கள் வீட்டாரோ உறவினரோ வண்டி வைத்திருந்தால் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். பின்விளக்கு பல்பு என்று எழுதியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. கைப் பிரேக் கேபிள் என்றால் ஒரு மணி நேரம். டிரம் கடைந்து லைனிங் மாற்றவேண்டும் என்றால் சூலக்கரைப் பட்டறைகளில் காலையில் விட்ட வண்டியை மாலையில் எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் அதே வண்டியைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டுவதற்குத் தடை ஒன்றும் இல்லை.